தளபதி சுப்பனின் ஒற்றை அங்கவடி

சகாதேவனுக்கு அவசரமாக ஒரு மூதாதை தேவைப்பட்டார்.

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் அவர் போட்ட மனைப்பிரிவுக்கு மற்றதெல்லாம் இருந்தது. கல் நட்டாயிற்று, தார் போட்டாயிற்று, எந்த மனையில் நின்று பார்த்தாலும் மலை தெரியும் என்று பேனரும் வைத்தாயிற்று. திருவண்ணாமலையைச் சுற்றி எந்தப் பொட்டல்காட்டில் நின்றாலும் மலை தெரியத்தான் செய்யும். சகாதேவன் ஏதோ தன் செலவில் அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தின மாதிரி பேனரில் போட்டிருந்தார். இல்லாதது பெயர் ஒன்றுதான். சாமி பெயர்களை எல்லாம் மற்ற புரோமோட்டர்கள் முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது ராஜாக்களும் தளபதிகளும்தான்.

அப்போதுதான் டாக்டர் தருமன் வந்து சேர்ந்தார். ஆளுக்குத் தகுந்த வம்ச வரலாறு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். எந்தப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஆனீர்கள் என்று கேட்டால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டார், அது இருக்கிற தீவின் பெயரைத்தான் சொல்வார்.

"உங்க பூர்வீகத்துல குதிரை சம்பந்தம் எதுனா கீதா சார்?" என்று கேட்டார் தருமன்.

சகாதேவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "கீது" என்றார்.

"அது போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சகாதேவன் பரணில் ஏறி, பழைய சைக்கிள் டயருக்கு அடியிலிருந்து ஓர் இரும்பை எடுத்துவந்தார். பாதம் வைக்கிற அகலத்துக்குத் தட்டையான அடிப்பட்டை. இரண்டு பக்கமும் மேலே வளைந்து ஏறுகிற கம்பி. கம்பியின் நுனிக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. தருமன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"அங்கவடி" என்றார். குதிரையில் ஏறுகிறவன் கால் ஊன்றிக்கொள்ள, சேணத்தின் பக்கத்தில் தொங்குகிற வளையம். "அடி தேஞ்சிருக்கிறதப் பாருங்க. சாதாரண ஆளு கால் வெச்சது இல்ல இது. ஒரு படையே நடத்தினவரு."

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரசாத், சகாதேவனின் ஒரே பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறவன், கேட்டான்: "இந்த ரெண்டு ஓட்டை எதுக்குங்க?"

"ஒண்ணு சூரியன், ஒண்ணு சந்திரன் தம்பி. ரெண்டும் உள்ளவரைக்கும் புகழ் நிக்கணும்னு அர்த்தம்."

"ஆனா இது ஒண்ணுதானே கீது. இன்னொரு காலுக்கு?"

தருமன் கண் இமைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. "அந்தக் காலத்துல ஒத்த அங்கவடிதான். ஏறுறதுக்கு மட்டும். ஏறினதுக்கு அப்புறம் வீரனுக்கு எதுக்குத் தம்பி பிடிமானம்?"

அந்த வாரமே சுப்பன் என்கிற பிரசாத்தின் கொள்ளுத்தாத்தா சுப்பவேங்கைத் தளபதியாகப் பதவி உயர்வு பெற்றார். மனைப்பிரிவு தளபதி நகர் ஆனது. தளபதி வம்சப் பேரவை என்று ஒன்று முளைத்து, அதற்குச் சகாதேவன் தலைவராகவும் தருமன் ஆயுட்கால ஆலோசகராகவும் போட்டியின்றித் தேர்வானார்கள். பிரசாத்தின் அம்மா வேதா அந்த இரும்பை மண்ணெண்ணெய் ஊற்றித் துரு போகத் தேய்த்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூஜை அறையில் குலதெய்வத்தின் படத்துக்குக் கீழே மணைபோட்டு உட்கார வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு கட்டி கற்பூரம்.

"இத்தினி வருசமா டயருக்கு அடியில போட்டு வெச்சிருந்தீங்களே, அதான் எனக்கு முட்டி வலி போவல" என்றாள் புருஷனிடம்.

இதெல்லாம் பிரசாத்துக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அறிவிக்கும் வரை.

"நகர் வாசல் வளைவு தெறக்கற அன்னிக்கு ஊர்வலம். நம்ம புள்ள தளபதி வேஷத்துல குதிரைல வர்றான். காலு அந்த அங்கவடியிலதான் வெக்கறான். போட்டோவுல அது தெளிவா தெரியணும்."

பிரசாத்துக்கு நாயென்றால் பயம். மாடென்றால் பயம். அப்பா பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ரோட்டு வளைவென்றால் பயம். குதிரைக்குப் பயப்படுகிற வாய்ப்பு மட்டும்தான் அதுவரை அவனுக்கு அமையாமல் இருந்தது. பயந்தவன் எவனும் செய்கிற முதல் வேலையை அவனும் செய்தான். போனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டான்.

தேடினால் என்னென்னவோ வந்தது. மனிதன் குதிரையைப் பழக்கி ஏறி உட்கார்ந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கால் வைக்க ஒன்றுமே இல்லாமல் போயிருக்கிறான். பெரிய பெரிய கோட்டைகளைப் பிடித்தவனெல்லாம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்த்தான் பிடித்திருக்கிறான். அப்புறம் நம் தேசத்தில் யாரோ கால் கட்டைவிரலை மட்டும் நுழைக்க ஒரு வளையம் கட்டினார்களாம், பழைய சிற்பங்களில் இருக்கிறதாம். வெறுங்காலோடு நடக்கிற ஊருக்கு அது சரி. பனி கொட்டுகிற ஊரில் கட்டைவிரலை வெளியே நீட்டிக்கொண்டு போனால் ஆள் வீடு திரும்புவான், விரல் திரும்பாது. அதனால் பூட்ஸ் போடுகிறவர்கள் முழுப் பாதத்துக்கும் வளையம் செய்தார்கள். சீனாவில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த மண்பொம்மைக் குதிரைக்கு ஒரே பக்கத்தில்தான் வளையமாம். ஏறுவதற்கு மட்டும் இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

அதை பிரசாத் இரண்டு தடவை படித்தான். தருமன் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டது நிஜமாகவே எங்கேயோ நடந்திருக்கிறது. புளுகுகிறவன் எப்போதாவது ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அப்புறம் அவனை ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு இரண்டு பக்கமும் வந்தது. மரத்தில் வந்தது. மரம் முறிந்து விழுந்தவர்களின் புண்ணியத்தில் இரும்பில் வந்தது. அரபு நாட்டில் ஒரு தளபதி, நிஜத் தளபதி, மரம் வேண்டாம் இரும்பில் அடியுங்கள் என்று உத்தரவே போட்டானாம். குதிரைக்கார நாடோடிகள் அதை மேற்கே கொண்டுபோனார்கள். ஜப்பான்காரர்கள் பக்கம் திறந்த இரும்புச் செருப்பு மாதிரியே செய்து தொங்கவிட்டார்கள். எல்லாம் ஒரே காரணத்துக்கு. காலை ஊன்றி எழுந்து நின்றால் ஈட்டி குறி தப்பாது.

பிரசாத்துக்கு ஈட்டியைப் பற்றி அக்கறை இல்லை. விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதுவும் இருந்தது. விழும்போது கால் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். ஆள் தலைகீழாகத் தொங்குவான். குதிரை மிரண்டு ஓடும். தொங்குகிறவன் கத்தக் கத்த அது இன்னும் மிரளும். அதனால்தான் நல்ல அங்கவடி பூட்ஸைவிட ஒரு விரல் அகலமாக இருக்க வேண்டுமாம். கனமாக இருந்தால் நல்லது, காலை உதறியதும் தானாகக் கழன்றுகொள்ளும். செருப்புக்குக் குதி இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதம் வழுக்கிக் கணுக்கால்வரை உள்ளே போய்விடும். இந்தக் காலத்தில் ஒரு பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம் மாட்டி விற்கிறார்கள், விழுந்தால் ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். கால் வைக்க ஓர் இடம் கண்டுபிடித்த மனிதனுக்கு, வைத்த காலைத் திரும்ப எடுக்க வழி கண்டுபிடிக்க ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பூஜை அறைக்குப் போய்த் தளபதியின் இரும்பைப் பார்த்தான். அகலமில்லை. கனமில்லை. ரப்பரும் இல்லை. குங்குமம் மட்டும் இருந்தது.

ஒத்திகை மொய்னுதீன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நடந்தது. மொய்னுதீன் கல்யாணத்துக்குக் குதிரை விடுகிறவர். ஊரில் பாதி மாப்பிள்ளைகள், எந்த மதமானாலும், அவருடைய வெள்ளைக் குதிரை நவாப் மேல் ஏறித்தான் மண்டபத்துக்குப் போனவர்கள். அவர் பையன் ஃபைஸ், பிரசாத்தின் வகுப்புதான்.

தருமனுக்கு முதல் பார்வையிலேயே குதிரையின் பெயர் பிடிக்கவில்லை. "நவாப்னு மைக்ல சொல்ல முடியாது பாய். அன்னிக்கு ஒருநாளு மட்டும் வெண்புரவின்னு வெச்சுக்கலாம்."

"நீங்க இன்னா வேணா வெச்சுக்கோங்க சார்" என்றார் மொய்னுதீன். "அது பேண்டு சத்தத்துக்குத்தான் திரும்பும். பேருக்குத் திரும்பாது."

"சேணம்கூட கொஞ்சம் முகலாய ஸ்டைல்ல கீது. எங்க தளபதி காலத்துல இதெல்லாம் கெடையாது."

"தளபதி எந்தக் காலம் சார்?"

"ரொம்பப் பழைய காலம்."

"அப்ப சேணத்த எடுத்துரட்டுமா? வெறும் முதுகுல ஏத்திரலாம் தம்பிய."

பிரசாத் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் இறங்கியது. சகாதேவனே பதறிப்போய், "சேணம் இருக்கட்டும் பாய், இருக்கட்டும்" என்றார்.

சேணத்தின் இடது பக்கம் தொங்கிய அங்கவடியைக் கழற்றிவிட்டுத் தளபதியின் இரும்பை மாட்டப் பார்த்தார் மொய்னுதீன். தோல்வாரைக் கோக்க அதில் காதே இல்லை. கடைசியில் சூரியன் வழியாகவும் சந்திரன் வழியாகவும் மஞ்சள் நைலான் கயிற்றை விட்டுக் கட்டினார். இரும்பு நேராகத் தொங்காமல் கோணிக்கொண்டு நின்றது. பிரசாத் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தான். ஷூ பாதிவரை போய் இறுகிக்கொண்டது. நவாப் ஈ விரட்ட இரண்டடி நகர்ந்தது. அதன்கூடவே பிரசாத்தும் ஒற்றைக் காலில் நொண்டியடித்தான்.

"நிறுத்துடா, ஃபைஸ், நிறுத்துடா."

ஃபைஸ் குதிரையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிரசாத்தின் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். கால் வந்தது. ஷூ வரவில்லை.

"மச்சி, உன் ஷூ தனியா சவாரி போவுது பாரு" என்றான் ஃபைஸ். பிறகு அப்பாக்கள் காதில் விழாதபடி, "இன்னாடா இது, எலிப்பொறி மாரி கீது. போன காலு திரும்பாது. நவாப்போட அங்கவடியப் பாத்தியா, எவ்ளோ அகலம்? மாப்பிள்ள மிரண்டான்னா காலை உருவிக்கினு குதிக்கணும்ல. போன முகூர்த்தத்துல ஒருத்தன் மண்டபம் வர்றதுக்குள்ள மூணு வாட்டி குதிச்சிட்டான். பொண்ணு வூட்ல யோசிக்கவே ஆரம்பிச்சிட்டாங்க."

"எங்கப்பாகிட்ட சொல்லேன்டா."

"எங்கப்பா அட்வான்ஸ் வாங்கிட்டாரு மச்சி. நான் ஊமை."

சகாதேவன் இரும்பிலிருந்து ஷூவைப் பிடுங்கி எறிந்தார். "தளபதி இன்னா ஸ்போர்ட்ஸ் ஷூவா போட்டாரு? வெறுங்காலோட வெச்சா போவும்."

வெறுங்காலோடு போகும் என்பது பிரசாத்துக்கும் தெரியும். கணுக்கால்வரை போகும். அதுதான் அவன் பயமே.

வீட்டுக்கு வந்து, அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, இரும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அங்கவடி என்றால் தொங்க வேண்டும், ஆட வேண்டும். இதன் ஓட்டைகளைச் சுற்றி, எதன்மேலோ பல காலம் இறுக்கி வைத்திருந்த மாதிரி வட்டமாகத் தழும்பு இருந்தது. தேய்ந்திருந்ததும் நடுவில் இல்லை, ஒரு விளிம்பில் மட்டும். ஒரே பக்கத்திலிருந்து வந்து, மிதித்து, ஏறிப் போன கால்கள். போல்ட்டு போட்டு இறுக்கின ஏதோ ஒரு படி. குதிரை, இரும்பு, படி என்று போனில் அடித்தான். படங்கள் வந்தன. ஒற்றைக் குதிரை பூட்டுகிற பழைய ஜட்கா வண்டி ஒன்று, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கூண்டுக்கு அடியில், ரயிலடியில் இறங்கின ஜனம் கால் வைத்து ஏறுகிற இடத்தில், அச்சு அசலாக அதே இரும்பு.

அவனுக்குச் சந்தோஷம்தான் வந்தது. பாவம், அப்பா ஏமாந்துவிட்டார். சொன்னால் விட்டுவிடுவார்.

மறுநாள் அப்பா தளபதி நகர் வளைவுக்குச் சாயம் அடிப்பதைக் காருக்குள் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாத் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"அப்பா, அது அங்கவடியே இல்லப்பா. ஜட்கா வண்டிப் படி. பின்னாடி ஏர்றதுக்கு போல்ட்டு போட்டு வெச்சிருப்பாங்க. இத்தப் பாரு."

சகாதேவன் போனைப் பார்க்கவில்லை. சாயம் அடிப்பவனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வலது கம்பி கொஞ்சம் உள்ள வளைஞ்சிருக்கும். பாத்தியா?"

"ம்."

"நாந்தான் வளைச்சேன். அதுல தொங்கிக்கினேதான் பள்ளிக்கூடம் போவேன். ஒருநாளு வண்டி திரும்பறப்போ கோயில் மதில்ல இடிச்சிக்கிச்சு. எங்க தாத்தா சாட்டையாலயே சாத்தினாரு. அந்தக் குதிரை அவ்ளோ அடி வாங்கினது இல்ல."

பிரசாத் நீட்டிய போனை இறக்கினான். ஏமாந்த அப்பா என்றால் சமாளிக்கலாம். இது வேறே அப்பா.

"அப்ப உனக்கு மொதல்லயே தெரியும்."

"எனக்குத் தெரியாம வேற யாருக்குடா தெரியும்? ஸ்கூல்ல என் பேரு இன்னா தெரியுமா? சாணி. ஜட்கா சுப்பன் பேரன், சாணி. வாத்தியாரே கூப்புடுவாரு. அந்தப் பசங்க எல்லாம் இப்ப மனை வோணும்னு எங்கிட்ட வந்து நிக்கறானுங்க, சார் சார்னு."

"அப்ப அவங்களுக்கும் தெரியுமே."

"தெரியும். தெரிஞ்சவன் வாயத் தொறக்காம நிக்கறான் பாரு, அதுக்குப் பேர்தான்டா மரியாதை. அவனுங்க முன்னாடி என் புள்ள குதிரை மேல வரணும். பின்னாடி தொங்கிக்கினு இல்ல. மேல."

"காலு மாட்டிக்கும்பா. பேண்டு சத்தத்துக்கு அது ஆடும். விழுந்தேன்னா இழுத்துக்கினு போயிடும். தலை ரோட்ல..."

"விழாத."

அவ்வளவுதான். விழாதே. ஆயிரம் வருடமாகக் கொல்லர்களும் படைத்தலைவர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்துக்கு அப்பா ஒரே வார்த்தையில் தீர்வு சொல்லிவிட்டார்.

"அந்தப் படியில கால் வெச்சு யாரும் செத்தது இல்லடா" என்றார் கொஞ்சம் இறங்கி வந்து.

"அது வண்டியில இருந்தப்போப்பா."

சகாதேவன் கண்ணாடியை இறக்கி, எழுத்தில் சுழி சின்னதாக இருக்கிறது என்று சாயக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.

திறப்பு விழா நாள் காலை. ரோட்டோரம் பந்தல், பேண்டு செட்டு, மோர்ப்பந்தல். மனை பார்க்க வந்தவர்கள், மோர் குடிக்க வந்தவர்கள், சார் சார் என்கிற பழைய வகுப்புத் தோழர்கள். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றி வந்திருந்தார்கள். கூத்துக்காரர்களிடம் வாடகைக்கு எடுத்த வெல்வெட் சட்டையும் ஜிகினா ஒட்டின அட்டைக் கிரீடமுமாக பிரசாத் நின்றான். மையால் வரைந்த மீசை வியர்வையில் கரைந்து வாய் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது. கால் வெறுங்கால்.

தருமன் மைக்கைப் பிடித்தார். "உலகத்துக்கே அங்கவடி கொடுத்த மண் இது. சீனாக்காரன் இங்க வந்து பார்த்துட்டுப் போய்த்தான் அங்க செஞ்சான். வெள்ளைக்காரன் சீனாக்காரனப் பார்த்துச் செஞ்சான். இன்னிக்கு உலகத்துல எவன் குதிரை ஏறினாலும் அவன் கால் வெக்கிறது நம்ம சுப்பவேங்கைத் தளபதி மேலதான்." தளபதிமேலே ஏன் எல்லாரும் கால் வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

வேதா தாம்பாளத்தில் இரும்பை ஏந்தி வந்தாள். புது மஞ்சள், புதுக் குங்குமம், தலையில் ஒரு முழம் மல்லி. கற்பூரம் காட்டினாள். வேனில் வந்த பெண்கள் முண்டியடித்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கிரிவலப் பாதையில் பூக்கடை வைத்திருக்கிற வெள்ளையம்மாள் என்ற அம்மாள், மகளுக்கு வரன் அமைய வேண்டும் என்று தளபதியிடம் வாய்விட்டே வேண்டிக்கொண்டாள்.

பிறகு மொய்னுதீன் அதை வாங்கிச் சேணத்தின் இடது பக்கம் நைலான் கயிற்றில் கட்டினார். கயிறு தெரியாமல் மாலை சுற்றினார்கள். ஃபைஸ் நவாப்பின் தலைப்பக்கம் நின்றான், இன்று சிரிக்கவில்லை. பேண்டுக்காரர்கள் சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள், நவாப்பின் முன்கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

"ஏறுடா" என்றார் சகாதேவன்.

பிரசாத் இடது காலைத் தூக்கினான். கட்டைவிரல் இரும்பைத் தொட்டது. ஈரக் குங்குமம் பிசுக்கென்று ஒட்டியது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். புத்தகத்தில் கால் பட்டால் செய்கிற மாதிரி, கை தானாகப் போய் இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவன் யோசித்துச் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து முதுகில் அடித்துப் பழக்கின கை.

கூட்டமே அதைப் பார்த்தது. அந்த நொடியில் பிரசாத்துக்குத் தப்பிக்க ஒரு சந்து தெரிந்தது.

"அம்மா, இத்த எப்படிம்மா மிதிக்கிறது?" என்றான். பக்கத்தில் தருமன் கையில் இருந்த மைக் அதை ரோடு முழுக்கச் சொன்னது.

"அதானே" என்றாள் வெள்ளையம்மாள். "இப்பத்தான் கற்பூரம் காட்டினீங்க. அது மேலயா காலை வெப்பீங்க?"

"குங்குமம்கூட இன்னும் காயல" என்றாள் இன்னொருத்தி.

சகாதேவன் சிரிக்கப் பார்த்தார். "அது கால் வெக்கறதுக்குன்னே செஞ்சதும்மா."

"செஞ்சப்போ செஞ்சது. கும்பிட்ட பொறவு சாமிதானே?"

"கல்யாணத்துல அம்மி மிதிக்கறதில்லயா?"

"அம்மிக்குக் கற்பூரம் காட்டி வரன் கேட்டுட்டா மிதிக்கறாங்க? நல்லாக் கேட்டீங்க சார் நாயம். நான் இப்பத்தான் எம் பொண்ணுக்கு வேண்டிக்கினேன். அது மேல இவரு புள்ள காலை வெச்சா எம் பொண்ணு கதி இன்னா ஆவறது?"

வேதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஏங்க, வோணாங்க. புள்ளைக்கு எதுனா ஆயிடப்போவுது."

சகாதேவன் பிள்ளையைப் பார்த்தார். காருக்குள் பேசினதெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பிரசாத் தன் வாழ்நாளில் சொல்லியிராத ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்தான்.

"சாமி குத்தம் ஆயிடும்பா."

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதில் தருமன் நிஜமாகவே டாக்டர். மைக்கை உயர்த்தினார். "பார்த்தீர்களா பெருமக்களே. இதுதான் தளபதி வம்சத்துப் பணிவு. வாரிசு ஏற மாட்டார். இன்னிக்கு வெண்புரவி மேல தளபதியே வருவார்."

சேணத்தின்மேல் பட்டுத்துணி விரித்தார்கள். இரும்பை அதன்மேல் நிமிர்த்தி வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டு நைலான் கயிறு போட்டு இறுக்கினார்கள். மேலே ஒரு குடை பிடித்தார்கள். நவாப் தன் சர்வீஸில் பார்த்திராத அந்த மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு, பேண்டு சத்தத்துக்கு அசைந்து அசைந்து கிளம்பியது. பிரசாத் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

"பரவால்ல மச்சி" என்றான் கயிற்றைப் பிடித்து வந்த ஃபைஸ். "இது குதிக்கல."

பாதி வழியில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயசான ஒருத்தர் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். குடைக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா," என்றார், பேண்டுக்கு மேல் கேட்கிற குரலில், "இது ஜட்கா வண்டிப் படியாச்சே. ரயிலடியில இதுல எத்தினி வாட்டி ஏறிக்கிறேன்."

பேண்டு நின்றது. சார் சார் என்கிறவர்கள் நாலைந்து பேர் ரோட்டோரப் புளியமரத்தை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்கள். சகாதேவன் முகம் தடித்துப் போயிற்று. பிரசாத் இதெல்லாவற்றையும் பார்த்தான். ஆனால் அவன் மனசு வேறு கணக்குப் போட்டது. அது வண்டிப் படி என்றால் சாமி இல்லை. சாமி இல்லை என்றால் மிதிக்கலாம். குதிரை இதோ நிற்கிறது, வளைவு இன்னும் தள்ளித்தான் இருக்கிறது, அப்பா கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறார்.

"இல்லீங்க தாத்தா" என்றான். குரல் நடுங்கவில்லை. "அங்கவடிங்க. தளபதியோடது. கண்ணு சரியா தெரியலீங்களா? ஒரு வாட்டி தொட்டுக் கும்பிட்டுக்கோங்க, சரியாயிடும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் கூட்டத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், தாம்பாளத்தோடு நிற்கிற பையனைப் பார்த்தார். கையை நீட்டி இரும்பைத் தொட்டார். வலது கம்பியில் உள்ளே வளைந்திருந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அங்கவடிதான் போல" என்றார் யாரிடமோ. டீ ஆறிவிட்டிருக்கும், திரும்பிப் போனார்.

பேண்டு மறுபடி எடுத்தது. கொஞ்ச தூரம் போனதும் சகாதேவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். அப்பா அப்படிக் கை போட்டு நடந்து வெகுநாள் ஆகியிருந்தது. கை கனமாக இருந்தது.

"எப்படிடா உனக்குத் தோணுச்சு?" என்றார் காதோரமாக.

"பயத்துலப்பா."

"பின்ன?" என்றார் சகாதேவன். "எனக்கு மட்டும் தைரியத்துலயாடா தோணுச்சு?"

முன்னால் ஒரு வீட்டு வாசலில் பெண்கள் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தளபதிக்கு வழி நனைக்கக் காத்திருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் இருந்த குழந்தையின் நெற்றியை நீட்டினாள். பிரசாத் தாம்பாளத்தைச் சாய்த்துக் குங்குமம் எடுத்து வைத்தான்.

"நல்லா வேண்டிக்கோங்க அக்கா" என்றான்.